தூண்டல் எவ்வளவு வலியது என்பதை நரம்புகள் எப்படிச் சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) மாணவர்களுக்கு உயிரியல் நடத்திவருகிறேன். புலன்களைப் பற்றிய பாடம் வரும்போது மாணவர்கள் வகுப்பில் கேட்கும் கேள்விகளும், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோர் கீழே கடைவாசலில் நின்று கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வெளிச்சம், ஓசை, எடை, மணம், வலி ஆகியவற்றின் அளவை உடம்பு எப்படி அறிகிறது என்பதே அவற்றின் அடிப்படை. பெற்றோரில் பலர் தோட்டங்களில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்கள், ஆலையில் வேலை செய்தவர்கள். ஆகையால் எடுத்துக்காட்டுகளையும் அங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

ஓங்கி அடித்தால் நரம்பில் பெரிய மின்துடிப்பும், மெல்லத் தொட்டால் சிறிய மின்துடிப்பும் போகின்றனவா?

இல்லை. பாடநூலைப் படித்த பிறகும் பாதிப் பேர் மனத்தில் தங்கிவிடும் தவறான எண்ணம் இது. ஒரு நரம்பிழையில் ஓடும் துடிப்பு, தூண்டல் வலியதாயினும் மெலியதாயினும், ஒரே அளவுடையது. ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் அந்த நிலையை ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு உயர்த்திவிட்டால், சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, மின்னழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் எகிறி, ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் மீண்டும் இறங்கிவிடும். வரம்பை எட்டாவிட்டால் துடிப்பே எழாது. எட்டிவிட்டால் முழுத் துடிப்பே எழும். அரைத் துடிப்பு என்று ஒன்று கிடையாது.

வாசலில் உள்ள மின்மணியின் பொத்தானை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் அதன் ஓசை கூடுவதில்லை. வெளியே நிற்பவருக்கு எவ்வளவு அவசரம் என்பதை, அவர் எத்தனை முறை விடாமல் அழுத்துகிறார் என்பதைக் கொண்டுதான் உள்ளே இருப்பவர் அறிந்துகொள்கிறார். நரம்பும் அவ்வாறே, துடிப்பின் உருவத்தால் அன்றி, ஒரு நொடிக்குள் எழும் துடிப்புகளின் எண்ணிக்கையால் தூண்டலின் வலிமையைச் சொல்கிறது.

இதில் ஒரு நுட்பத்தையும் சொல்லிவிட வேண்டும். தோலில் உள்ள நரம்பு முனையிலும், காதில் ஒலியை உணரும் மயிரணுக்களிலும், விழித்திரையின் ஒளியுணர் அணுக்களிலும் முதன்முதலில் எழும் மின்மாற்றம் தூண்டலுக்கேற்பப் படிப்படியாகக் கூடவோ குறையவோ செய்யும். 'முழுதும் அல்லது இல்லை' என்னும் விதி, செய்தி நீண்ட நரம்பிழையில் பயணம் தொடங்கும் இடத்திலிருந்துதான் பொருந்தும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் சுவீடன் நாட்டவரான இங்வே சொட்டர்மனும் 1926-இல் செய்த சோதனைதான் தொடக்கம். தவளையின் நெஞ்சுப் பகுதியிலுள்ள ஒரு மெல்லிய தசையை எடுத்து, அதில் இழுவிசையை உணரும் முனை ஒன்றே ஒன்று எஞ்சும்வரை சிறிது சிறிதாக வெட்டிக் குறைத்தார்கள். பிறகு தசையில் எடைகளைத் தொங்கவிட்டு, நரம்பில் ஓடும் மிக நுண்ணிய மின்துடிப்புகளை வால்வு பெருக்கியின் துணையால் பதிவு செய்தார்கள். எடையைக் கூட்டியபோது துடிப்பின் உயரம் மாறவில்லை. துடிப்புகள் நெருங்கி நெருங்கி வந்தன. எடையை மாற்றாமல் அப்படியே விட்டபோது, துடிப்புகள் மெல்ல மெல்ல இடைவெளி விட்டன. தூண்டலின் வலிமையைத் துடிப்பு வீதம் சொல்கிறது என்பதும், மாறாத தூண்டலுக்கு நரம்பு பழகிப்போகிறது என்பதும் ஆகிய இரண்டு உண்மைகள் அந்த ஒரே பதிவில் வெளிப்பட்டன. 1932-இல் ஏட்ரியன், சார்ல்ஸ் ஷெரிங்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

துடிப்பு வீதமே போதுமென்றால், உடம்பில் ஏன் இத்தனை நரம்பிழைகள்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நான் கருதுகிறேன். விடையும் சற்று நீளமானது.

ஒரு துடிப்பு எழுந்தபின் நரம்பிழைக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி ஓய்வு வேண்டும். அந்த இடைவேளையில் எவ்வளவு தூண்டினாலும் அடுத்த துடிப்பு எழாது. ஆகவே ஓர் இழை நொடிக்குச் சில நூறு துடிப்புகளை அனுப்பலாம். மிக அதிகமாகப் போனாலும் ஆயிரத்தைத் தாண்டுவது அரிது. தூண்டல்களோ அத்தகைய கட்டுக்குள் அடங்குவன அல்ல. காதை எடுத்துக்கொள்வோம். கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும், காதை வலிக்கச் செய்யும் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 120 டெசிபல் வேறுபாடு உண்டு. அதாவது ஒலியின் செறிவு இலட்சம் கோடி மடங்கு வேறுபடுகிறது. ஆனால் செவிநரம்பின் ஓர் இழை தன் துடிப்பு வீதத்தை மாற்றிக் காட்டுவது பெரும்பாலும் 30 முதல் 40 டெசிபல் வரையான வீச்சுக்குள் மட்டுமே. அதற்குக் கீழே அந்த இழைக்கு ஒன்றும் கேட்பதில்லை. அதற்கு மேலே அது தெவிட்டிப்போய், ஒலி எவ்வளவு கூடினாலும் ஒரே வீதத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது.

தோட்டத்துக் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். உறுமி மேளம் இரண்டடி தள்ளி முழங்குகிறது. வளைந்த குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த உறுமல் நெஞ்சுக்கூட்டிலேயே அதிர்கிறது. அது ஓய்ந்து சற்று நேரத்தில், பக்கத்தில் நிற்கும் பாட்டி "தண்ணி குடிச்சியாய்யா?" என்று மெல்லக் கேட்பதும் காதில் விழுகிறது. இரண்டையும் ஒரே இழையால் அளக்க முடியாது. ஆகவே காது வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மனிதனின் ஒரு காதில் ஏறத்தாழ 3,500 உள்மயிரணுக்களும், அவற்றிலிருந்து மூளைக்குச் செல்லும் ஏறத்தாழ 30,000 இழைகளும் உள்ளன. ஒவ்வோர் உள்மயிரணுவிலிருந்தும் பல இழைகள் கிளம்புகின்றன. சார்ல்ஸ் லிபர்மன் 1978-இல் பூனைகளின் செவிநரம்பில் காட்டியபடி, இவ்விழைகள் ஒரே தன்மையன அல்ல. சில, ஒலியே இல்லாதபோதும் தாமாகத் துடித்துக்கொண்டிருந்து, மிக மெல்லிய ஒலிக்கே விழித்துக்கொள்ளும். அவை விரைவில் தெவிட்டிவிடும். வேறு சில, அமைதியில் வாய்மூடி இருந்து, ஒலி ஓங்கிய பிறகே பேசத் தொடங்கும். முதல் வகை தெவிட்டும் இடத்தில் அடுத்த வகை பொறுப்பேற்கிறது. மேலும் ஒலி ஓங்கும்போது காதுக்குள் இருக்கும் சவ்வின் அதிர்வு பரவி, பக்கத்துச் சுருதிகளுக்குரிய இழைகளும் சேர்ந்துகொள்கின்றன.

மின்மணி உவமைக்குத் திரும்பினால், ஒரு வீட்டு மணி எத்தனை முறை அடிக்கிறது என்பதோடு, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எத்தனை வீட்டு மணிகள் அடிக்கின்றன, எந்தெந்த வீடுகளில் அடிக்கின்றன என்பதும் சேர்ந்துதான் செய்தி ஆகிறது. எந்த ஓர் இழையும் வலிமையைத் தனியாக அளப்பதில்லை. கூட்டம் சேர்ந்தே அளக்கிறது. இக்கூட்டத்தில் சிலர் காணாமற்போனால் என்ன ஆகும் என்பதைக் கடைசி இரண்டு கேள்விகளில் சொல்கிறேன்.

தோலிலும் இப்படித்தானா?

ஆம். உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 17,000 தொடுநரம்பிழைகள் இருப்பதாக ரோலண்ட் யோஹான்சனும் ஆக்கே வால்போவும் 1979-இல் கணக்கிட்டார்கள். சில இழைகள் அழுத்தம் நீடிக்கும்வரை துடிக்கும். சில, தொடும் கணத்திலும் விடும் கணத்திலும் மட்டும் துடிக்கும். சில அதிர்வுக்கென்றே அமைந்தவை. ஓர் அதிர்வு எவ்வளவு பலமாகத் தோன்றுகிறது என்பது, இவ்வெல்லா வகை இழைகளின் துடிப்புகளையும் அவற்றிற்குரிய எடையிட்டுக் கூட்டினால் கிடைக்கும் தொகையோடு நன்கு ஒத்துப்போகிறது என்று 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. எடையிட்டுக் கூட்டிப் பார்க்கும் இந்தக் கணக்கு எளிமையானதாகத் தோன்றினாலும், உணர்வு என்பது கூட்டத்தின் பேச்சு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

வாளியில் பால் நிறைய இருக்கும்போது இன்னும் ஒரு மங்குப் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) பாலை ஊற்றினால் கனம் கூடியதே தெரியவில்லை. வாளி காலியாக இருந்தால் உடனே தெரிகிறது. ஏன்?

முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் வேபர் 1834-இல் எழுப்பிய கேள்வியும் இதுவே. கையில் தூக்கும் எடைகளில், வேறுபாடு தெரிய வேண்டுமானால், கூட்டும் எடை ஏற்கெனவே உள்ள எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். வாளியும் பாலும் சேர்ந்து அரைக் கிலோ என்றால் 10 கிராம் கூடினாலே கை அறியும். 20 கிலோ என்றால் 400 கிராம் கூட வேண்டும். கூடிய அளவை அன்று, கூடிய விகிதத்தையே உடம்பு கவனிக்கிறது.

குஸ்தாவ் ஃபெக்னர் 1860-இல் இதைக் கணிதமாக்கி, உணர்வு தூண்டலின் மடக்கைக்கு ஏற்ப வளர்கிறது என்றார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1957-இல், ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் அதைத் திருத்தி, ஒவ்வொரு புலனிலும் உணர்வு தூண்டலின் ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்று காட்டினார். வெளிச்சத்துக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே வெளிச்சம் எட்டு மடங்கானால் கண்ணுக்கு இரு மடங்காகத் தோன்றும். விரலில் பாய்ச்சும் மின்சாரத்துக்கு அது ஏறத்தாழ 3.5, மின்னோட்டம் இரு மடங்கானால் உணர்வு பத்து மடங்குக்கு மேல் எகிறும். கண்ணும் காதும் பரந்த உலகைச் சுருக்கிக் காட்ட வேண்டியவை. ஆபத்தான மின்சாரத்தையோ உடம்பு பெருக்கிக் காட்டுகிறது.

வேபரின் விகிதம் மிக மெல்லிய தூண்டல்களில் பொருந்தாது என்பதையும் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அங்கே நரம்பின் சொந்தச் சலசலப்பே குறுக்கிடுகிறது.

ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நாற்றம் தெரியாமல் போவது எப்படி? அவர்களின் மூக்கு கெட்டுவிட்டதா?

கெட்டுவிடவில்லை. ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) ஏற்றிய லோரி கடைத்தெருவில் நின்றால் வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்துவார்; ஆலை வரிசையில் குடியிருப்பவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். ஏட்ரியன் தவளைத் தசையில் கண்ட அதே பழகுதல்தான் இங்கும் நடக்கிறது. மணம் நீடித்தால், மூக்கின் உணர்வணுக்களுக்குள் புகும் கால்சியம் அயனிகள் அவ்வணுக்களின் கூருணர்வைத் தணிக்கின்றன. மூளையிலும் அந்த மணத்துக்கான பதில் தணிகிறது. மாறாத செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லத் துடிப்புகளைச் செலவிடாமல், புதிதாக வரப்போகும் மாற்றத்துக்கு இடம் ஒதுக்கி வைப்பதே இதன் பயன். அதே ஆள் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், வாசலில் கால் வைத்ததும் நாற்றம் அவரைத் தாக்கும்.

மணத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. மல்லிகையில் உள்ள இண்டோல் என்னும் பொருள் மிகக் குறைந்த செறிவில் பூமணமாகவும், செறிவு கூடினால் மலநாற்றமாகவும் தோன்றும். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் இயங்குகின்றன. செறிவு கூடும்போது முதலில் இசைந்த ஏற்பிகளோடு, குறைவாக இசையும் ஏற்பிகளும் சேர்ந்துகொள்வதால், கூட்டத்தின் அமைப்பே மாறிவிடுகிறது. அளவு மாறினால் தன்மையும் மாறித் தோன்றுவது இதனால்தான்.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அளவிடுவதில் என்ன நன்மை?

இரண்டு நன்மைகளைச் சொல்லலாம். ஒன்று பழையது, நன்கு நிலைநாட்டப்பட்டது. மற்றொன்று புதியது, எனக்கு மிகவும் பிடித்தது.

முதலாவது, பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று அடக்குவது. கெஃபர் ஹார்ட்லைன் அமெரிக்கக் குதிரைலாட நண்டின் கண்ணில் இதைக் கண்டார். நம் நாட்டுக் கடலோரங்களில் பெலாங்காஸ் என்று அழைக்கப்படுவது அந்த நண்டின் நெருங்கிய உறவு. கண்ணின் ஒரு சிற்றலகில் ஒளி பட்டு அதன் நரம்பிழை துடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அலகிலும் ஒளி பட்டால் முதல் இழையின் துடிப்பு குறைந்தது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவிய வெளிச்சத்தில் எல்லோரும் எல்லோரையும் அடக்குவார்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் அந்தச் சமநிலை குலைந்து, ஓரம் துலங்கித் தெரியும். மொத்த வெளிச்சத்தைவிட வேறுபாட்டுக்கே முன்னுரிமை கொடுக்கும் இந்த ஏற்பாட்டால்தான், விடியற்காலைப் பெரட்டில் (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) மங்கிய விளக்கிலும் நடுப்பகல் வெயிலிலும் ஒரே முகத்தை நம்மால் அடையாளம் காண முடிகிறது. ஹார்ட்லைன் 1967-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

இரண்டாவது நன்மையை, பிரேசில் நாட்டு இயற்பியலாளர்கள் ஒசாமே கினோச்சியும் மவுரோ கொப்பெல்லியும் 2006-இல் கணித மாதிரி ஒன்றின் வழியே காட்டினார்கள். தனித்தனியே குறுகிய வீச்சு மட்டுமே உடைய நரம்பணுக்களை ஒரு வலையாக இணைத்தால், வலையின் வீச்சு எவ்வளவு விரியும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. லயத்தில் ஒரு செய்தி பரவுவதைப் போல இதை எண்ணிக்கொள்ளலாம். செய்தி கேட்ட ஒருவர் சராசரியாக ஒருவருக்கும் குறைவானவர்களிடமே சொன்னால், மெல்லிய செய்தி பிறந்த இடத்திலேயே அடங்கிவிடும். ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் சொன்னால், சிறு செய்தியும் தோட்டம் முழுவதும் பற்றிக்கொள்ளும். எது சிறியது, எது பெரியது என்று பிரித்தறியவே முடியாது. சராசரியாகச் சரியாக ஒருவரிடம் சொல்லும் எல்லைநிலையில்தான், மெல்லிய தூண்டல் தேவையான அளவு பெருக்கப்பட்டும், வலிய தூண்டல் உடனே தெவிட்டாமலும் இருக்கும். அந்நிலையில் வலையின் பதில் தூண்டலின் இருமடி மூலத்துக்கு ஏற்ப வளர்வதால், பதில் பத்து மடங்காக வேண்டுமானால் தூண்டல் நூறு மடங்காக வேண்டும். ஸ்டீவன்ஸ் அளந்த அடுக்குகளில் பல ஏன் ஒன்றுக்குக் குறைவாக இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு விளக்கமாகலாம் என்றார்கள். 2009-இல் எலியின் பெருமூளைப் புறணித் திசுவை வளர்த்துச் செய்த ஆய்வொன்றில், வலை அந்த எல்லைநிலையில் இருக்கும்போதே அதன் வீச்சு மிக அதிகமாக இருந்தது. உயிருள்ள மூக்கும் கண்ணும் இதே முறையைத்தான் கையாள்கின்றன என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் தனி அணுவின் குறையை இணைப்பே நிவர்த்தி செய்யும் என்பது இங்கு ஐயமறத் தெரிகிறது.

ஒரே எடையை இரண்டு முறை தூக்கினால் நரம்புகள் ஒரே எண்ணிக்கையில் துடிக்குமா?

துடிக்காது. ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடும் அல்லது குறையும். தனித்தனியே தடுமாறும் நூறு அணுக்களின் சராசரியை எடுத்தால் தடுமாற்றம் பத்தில் ஒரு பங்காகும். ஆனால் பக்கத்து அணுக்கள் பல நேரம் சேர்ந்தே தடுமாறுவதால், ஏறத்தாழ நூறு அணுக்களுக்கு மேல் சேர்ப்பதில் ஆதாயம் அதிகமில்லை என்று 1994-இல் குரங்குகளின் பார்வைப் புறணியில் செய்த ஆய்வு காட்டியது.

துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்க மூளைக்கு நேரம் ஏது? கை நழுவும் கண்ணாடிக் குவளையை உடனே இறுக்கிப் பிடிக்கிறோமே?

நல்ல கேள்வி. நொடிக்கு இத்தனை என்று எண்ணக் காத்திருந்தால் குவளை தரையில் இருக்கும். வலிய தூண்டலுக்கு நரம்பிழைகள் அதிகமாகத் துடிப்பதோடு, முதல் துடிப்பையும் முந்தி அனுப்புகின்றன. எந்த இழை முதலில் துடித்தது, எது அடுத்துத் துடித்தது என்னும் வரிசையிலேயே விசையின் திசையைப் பற்றிய செய்தி அடங்கியிருக்கிறது என்று யோஹான்சனும் பிர்ஸ்னியெக்ஸும் 2004-இல் விரல்நுனி இழைகளில் காட்டினார்கள். கை இறுகுவது பத்தில் ஒரு நொடி அளவுக்குள் நடந்துவிடுகிறது.

சிலி பாடி மிளகாயைக் கடித்தால் வாய் 'எரிகிறது'. அங்கே உண்மையில் சூடு இல்லையே?

இல்லை. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேல் திறக்கும் ஒரு புரதக் கதவு, வெப்பத்தையும் வலியையும் சொல்லும் நரம்பு முனைகளில் உள்ளது. மிளகாயின் கேப்சைசின் அதே கதவைத் திறந்துவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் அதைக் கண்டறிந்தனர். 2021-இல் அவருக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூளைக்குத் தெரிவது எந்த இழை துடிக்கிறது என்பதும் எவ்வளவு துடிக்கிறது என்பதும் மட்டுமே. கதவைத் திறந்தது நெருப்பா, மிளகாயா என்பதை அந்த இழை சொல்வதில்லை. மிளகாய் தின்றபின் வெதுவெதுப்பான தேநீரும் சுடுவதற்குக் காரணம், திறப்பதற்கு வேண்டிய வெப்பநிலையை மிளகாய் கீழே இறக்கிவிடுவதுதான்.

வலியைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தொடுநரம்புகள் மிகையாகத் துடித்தால் வலி என்று நினைப்பது தவறு. வலிக்கென்று உயர்ந்த தொடக்க வரம்புடைய இழைகள் தனியே உள்ளன. செம்பனை மட்டையின் முள் காலில் ஏறினால், நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்லும் இழைகள் 'சுருக்'கென்ற முதல் வலியைக் கொண்டுபோகின்றன, நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர் வரையே நகரும் மெல்லிய இழைகள், மூச்சு ஒன்று விட்டபின், விண்விண்ணென்று தெறிக்கும் இரண்டாவது வலியைக் கொண்டுவருகின்றன.

செவிச் சோதனையில் எல்லாம் சரி என்கிறார்கள். ஆனால் கூட்டமாக இருந்தால் பேச்சு புரியவில்லை. இது மனப்பிரமையா?

ஆலைகளில் நெடுங்காலம் வேலை செய்தவர்கள் பலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், திருமண மண்டபத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணன் பேசுவது புரியாமல் வெறுமனே தலையாட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். வீட்டில் "காது நல்லாத்தான இருக்கு" என்று கடிந்துகொண்டார்களாம். அவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்வது, இது பிரமை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதுதான்.

வழக்கமான செவிச் சோதனை, அமைதியான அறையில் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி எது என்று பார்க்கிறது. அதற்கு மெல்லிய ஒலிக்கே விழிக்கும் இழைகளில் சில இருந்தாலே போதும். ஷேரன் குஜாவாவும் லிபர்மனும் 2009-இல் எலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபல் ஓசையில் வைத்தனர். சில வாரங்களில் அவற்றின் செவித்திறன் சோதனையில் பழைய நிலைக்குத் திரும்பியது. மயிரணுக்களும் அப்படியே இருந்தன. ஆனால் பாதிக்கப்பட்ட பகுதியில் மயிரணுவையும் நரம்பையும் இணைக்கும் சந்திப்புகளில் ஏறத்தாழ பாதி திரும்பவே இல்லை. ஓசை ஓங்கிய பிறகு பேசத் தொடங்கும் இழைகளே இதில் அதிகம் இழக்கப்படுகின்றன என்று பின்னர் கினிப்பன்றிகளில் கண்டனர். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிய வேண்டியவை அவையே. மனிதர்களில் இறந்தபின் எடுத்து ஆராய்ந்த, உட்காதைக் கொண்ட பொட்டெலும்புகளிலும், வயது ஏற ஏற மயிரணுக்களைவிட நரம்பிணைப்புகளே மிகுதியாகக் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் ஒழுங்குவிதிகள், வேலையிடத்தில் ஒரு நாளுக்கான எல்லையாக 85 டெசிபலை வகுத்துள்ளன. 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இரு மடங்காகும் என்பதை மறக்கக் கூடாது. செம்பனை ஆலையின் பிழியும் இயந்திரங்களுக்கும் கொதிகலனுக்கும் அருகில் வேலைக்குப் போகும் இளைஞர்கள், காதடைப்பானை முதல் நாளிலிருந்தே போட வேண்டும். இழந்த இணைப்புகளைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்று வழக்கில் இல்லை. பேச்சு புரியவில்லை என்பவர்கள், இரைச்சலுக்கு நடுவே சொற்களைக் கேட்டுச் சொல்லும் சோதனையும் செய்ய முடியுமா என்று செவித்திறன் வல்லுநரிடம் கேளுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களின் காலில் நைலோன் இழையால் குத்திப் பார்க்கிறார்களே, அது எதற்கு?

கூட்டத்தில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், மிக நீளமான நரம்பிழைகள், அதாவது பாதத்துக்குச் செல்பவை, முதலில் பழுதடைகின்றன. ஒரே நாளில் உணர்வு அற்றுவிடுவதில்லை. இழைகள் ஒவ்வொன்றாகக் குறையும்போது, அதே முள்ளும் அதே சூடும் முன்னைவிட மெலிந்த செய்தியாக மூளைக்குப் போய்ச் சேர்கின்றன. முள் குத்தியதைச் செருப்பில் இரத்தம் பார்த்துத்தான் அறிகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் சமூகத்தில் இந்நோய் மேலும் மிகுதி. ஆகவே இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்துகொள்ளும்படி வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்கிறேன்.

அந்த இழையின் சிறப்பு எளியது. எவ்வளவு அழுத்தினாலும், 10 கிராம் எடைக்கு ஈடான விசையில் அது வளைந்துவிடும்; அதற்கு மேல் விசை தோலுக்குப் போகாது. யார் கையில் இருந்தாலும் தூண்டலின் அளவு மாறாததால், மாறுவது நோயாளியின் நரம்புகள் மட்டுமே என்று தெரிந்துவிடும்.

என் அப்பாவை அழைத்துப்போனபோது அருகில் நின்று பார்த்தேன். தாதி அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தின் ஒவ்வோர் இடத்திலும் இழையை வைத்து, அது வில்லாக வளையும்வரை அழுத்தி எடுத்தார். "இப்போ", "இப்போ" என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். இடது கால் பெருவிரலின் அடியில் இழை நன்றாகவே வளைந்தது. அப்பா கண்ணைத் திறக்காமல், அடுத்து எங்கே தொடப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்.